கிடைக்காத பீருக்குத்தான் பேர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் நேரத்தில், டாஸ்மாக் கடை ஜன்னலில் கேட்கிற முதல் கேள்வி “கூலிங் இருக்கா?” என்பதுதான். இருக்கிறது என்றால் அடுத்தது, “என்ன இருக்கு?” கம்பிக்குப் பின்னால் நிற்பவர் இரண்டு மூன்று பெயர் சொல்கிறார். ஏதோ ஒன்று கைமாறுகிறது. எந்த ஆலையில் காய்ச்சியது, எப்போது பாட்டிலில் அடைத்தது என்று கேட்பார் இல்லை. கேட்டாலும் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இத்தனைக்கும் தரக்கட்டுப்பாடு என்றால் என்னவென்று இந்தத் தடத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான், செயின்ட் கோபெய்ன் கண்ணாடி: எந்த வாசலுக்குள் போனாலும் பாகத்துக்குப் பாகம் பேட்ச் எண் உண்டு, தேதி உண்டு, சரிபார்த்தவர் கையெழுத்து உண்டு. பகலெல்லாம் அப்படி வேலை பார்க்கிறவர்கள், மாலையில் கையிலெடுக்கும் பாட்டிலைப் பற்றி எதுவும் தெரியாமல் குடிக்கிறார்கள். நல்ல பீர் என்று பேச்சு வந்தால் பெங்களூரு என்பார்கள், பாண்டி என்பார்கள், ஏர்போர்ட் ட்யூட்டி ஃப்ரீயில் நண்பர் வாங்கிவந்த பெல்ஜியம் பாட்டில் என்பார்கள். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரும் வழியில், குத்தம்பாக்கத்திலேயே யுனைடெட் ப்ரூவரிஸ் ஆலை ஒன்று இருப்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

பீருக்குப் பேர் இரண்டு வழியில் வருகிறது. காய்ச்சும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்து, வாரா வாரம் குடித்து, கெட்டுப்போன நாளில் முகம் சுளித்து, நன்றாக வந்த நாளில் இன்னொருவரைக் கூட்டிவந்து, ஓர் ஊர் மெல்ல மெல்லக் கொடுக்கும் பேர் ஒன்று. எங்கோ காய்ச்சி, எளிதில் கிடைக்காமல், கைமாறிக் கைமாறி, விலை ஏறி வரும் பேர் மற்றொன்று. முதலாவது பீரின் குணத்தைச் சொல்கிறது. இரண்டாவது பெரும்பாலும் அதன் தட்டுப்பாட்டைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் முதல் வகைப் பேர் உருவாகவே வழியில்லாதபடி சட்டமும் வியாபாரமும் அமைந்திருக்கின்றன.

இரண்டாவது வகைக்கு உலகம் அறிந்த உதாரணம் பெல்ஜியத்தின் வெஸ்ட்வ்ளெட்டெரன் கிராமத்துச் செயின்ட் சிக்ஸ்டஸ் மடம். அங்குள்ள துறவிகள் மடத்தின் செலவுக்கு வேண்டிய அளவு மட்டுமே பீர் காய்ச்சுகிறார்கள். 2005இல் ரேட்பீர் என்ற மதிப்பீட்டுத் தளம் அவர்களுடைய 12ஆம் எண் பீரை உலகின் முதல் பீர் என்றது. மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. துறவிகள் உற்பத்தியைக் கூட்டவில்லை. தொலைபேசியில் முன்பதிவு செய்து, கார் எண்ணைக் கொடுத்து, குறித்த நாளில் வந்து வாங்க வேண்டும், வாங்கியதை விற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். அதுவும் நிற்கவில்லை. 2018 மார்ச்சில் யான் லிண்டர்ஸ் என்ற நெதர்லாந்து சூப்பர்மார்க்கெட் 7,200 பாட்டில்களை எப்படியோ திரட்டி, ஒன்று 9.95 யூரோ என்று விற்றது. மடத்து விலை 2 யூரோவுக்கும் குறைவு. தங்கள் நெறிகளுக்கே இது எதிரானது என்று துறவிகள் வருத்தப்பட்டார்கள். மறு ஆண்டு இணையத்தில் முன்பதிவு முறை கொண்டுவந்தார்கள். இவ்வளவு நடந்தும் தொட்டியில் இருந்த பீர் அதே பீர்தான்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், வாட்டர்பரி என்ற சிற்றூரில், ஆல்கெமிஸ்ட் என்றொரு மதுக்கூடம் இருந்தது. 2003இல் திறந்த அந்த மதுக்கூடத்தில் ஊர்க்காரர்கள் குடித்துப் பழகிய பீர் ஹெடி டாப்பர். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் மதுக்கூடத்தை அழித்தது. சில நாட்களிலேயே, ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்த சிறு ஆலையில் அதே பீர் கேனில் அடைக்கப்பட்டு வெளிவந்தது. கேன் வந்ததும் பீருக்குக் கால் முளைத்தது. வெளி மாநிலங்களிலிருந்து வந்து பெட்டி பெட்டியாக அள்ளினார்கள். 2013இல் பர்லிங்டன் நகரில் ஐந்து பெட்டிகளை இணைய விளம்பரம் போட்டு 825 டாலருக்கு விற்க முயன்ற பெண் மீது வழக்குப் பதிவானது. அதே ஆண்டு இறுதியில், கார் நெரிசலை அக்கம்பக்கம் தாங்காததால், ஆலை தன் சில்லறைக் கடையையே மூடிக்கொண்டது. பத்தாண்டு அந்தப் பீரை வளர்த்துவிட்ட ஊர்க்காரர் நடந்துபோய் வாங்க முடியாத நிலை. அமெரிக்க பீர் வணிகத்தின் பெரிய கதைகளை எல்லாம் விட இந்த ஒன்றே அதிகம் யோசிக்க வைக்கிறது.

தட்டுப்பாடு மனிதரை என்ன செய்கிறது என்பதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. 1975இல் ஸ்டீபன் வோர்ச்செலும் அவருடைய கூட்டாளிகளும் ஒரே பிஸ்கட்டை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு ஜாடியில் பத்து, இன்னொன்றில் இரண்டு. இரண்டே இருந்த ஜாடியிலிருந்து எடுத்தவர்கள் அந்தப் பிஸ்கட் இன்னும் வேண்டும் என்றார்கள், விலை கூடுதலாகத்தான் இருக்கும் என்றார்கள். ருசி கூடுதல் என்று மட்டும் சொல்லவில்லை. வேண்டும் என்ற எண்ணம் ஏறியது, நாக்கு அசையவில்லை. 2006இல் மூன்று ஆய்வாளர்கள் பீரையே எடுத்துக்கொண்டார்கள். மதுக்கூட வாடிக்கையாளர்களுக்குச் சில சொட்டு பால்சாமிக் வினிகர் கலந்த பீரைக் கொடுத்தார்கள். கலந்திருப்பதைச் சொல்லாமல் கொடுத்தபோது பலருக்கு அதுதான் பிடித்தது. குடிக்கும் முன்பே சொல்லிவிட்டால் பிடிக்கவில்லை. குடித்த பிறகு சொன்னால் முதலில் தோன்றிய விருப்பம் அவ்வளவாக மாறவில்லை. காதில் விழுந்தது நாக்குக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறது.

தூரம் பீரை வேறு விதத்திலும் கெடுக்கிறது. ஒயினைப் போல வைத்திருந்தால் மேம்படும் பண்டம் அல்ல பீர். அதில் பெரும்பாலான வகைகள் ஆலையை விட்டுக் கிளம்பும் நாளிலேயே உச்சத்தில் இருக்கின்றன. பிறகு ஆக்சிஜன் வேலையைத் தொடங்குகிறது. ஹாப்ஸ் பூவின் வாசம் முதலில் போகும். அடுத்து நனைந்த அட்டைப்பெட்டி வாடை எட்டிப்பார்க்கும். வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நெடி வரும். பச்சை பாட்டிலில் அது சீக்கிரம் நடக்கும், பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும். பாஸ்ச்சரைஸ் செய்வது கிருமியை நிறுத்தும், ஆக்சிஜனை நிறுத்தாது. ஆலைக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு: 32 டிகிரி வெப்பத்தில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், குளிர்பெட்டியில் 300 நாள், மூன்றும் பீருக்கு ஏறக்குறைய ஒரே முதுமை. சித்திரை மாதத்தில், சென்னை வெளிவட்டச் சாலையில், தார்ப்பாய் மூடிய லாரிக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்பதை ஒரகடத்தில் லாரி ஏற்றி இறக்குகிறவர் எவரும் சொல்வார். பெங்களூரு மதுக்கூடத்தில் பாட்டிலில் பிடித்து, 300 கிலோமீட்டர் காரின் பின்பக்கத்தில் குலுங்கி வரும் கோதுமை பீர் இங்கே திறக்கப்படும்போது பழைய பீராகிவிடுகிறது. பாராட்டுகிறவர்கள் பெங்களூருவில் குடித்த நினைவைத்தான் பாராட்டுகிறார்கள்.

பயணத்தைத் தாங்கும் பீர்களும் உண்டு என்பதை மறுக்க முடியாது. கறுத்து, கெட்டியாக, ஆல்கஹால் கூடுதலாக உள்ள ஸ்டவுட் வகை அப்படிப்பட்டது. அதற்கு உதாரணம் நமக்கு மிக அருகில், இலங்கையில் இருக்கிறது. நுவரெலியாவில் 1881இல் தொடங்கிய சிலோன் ப்ரூவரியின் வழிவந்தது லயன் ஸ்டவுட், ஆல்கஹால் 8.8 சதவீதம். மலையகத்திலும் கண்டியிலும் சாதாரணக் கடையில் சாதாரண மனிதர் குடித்த பீர் அது. பீர் எழுத்தில் உலகப் புகழ் பெற்ற பிரிட்டிஷ்காரர் மைக்கேல் ஜாக்சன் அங்கே போய்க் குடித்து வியந்து எழுதிய பிறகுதான் மேல்நாட்டு ரசிகர்கள் அதைத் தேடத் தொடங்கினார்கள். 1998இல் உற்பத்தி கொழும்பை அடுத்த பியகமவுக்கு இறங்கியது. 2016 மே மாத வெள்ளத்தில் அந்த ஆலை மூழ்கி, பல மாதம் பீர் இல்லாமல் போனது. லயன் ஸ்டவுட்டின் கதையில் வரிசை சரியாக இருக்கிறது: முதலில் ஊர் குடித்தது, உலகம் பிறகு கேள்விப்பட்டது.

ஆனால் பயணம் தாங்குவதை வைத்தே மதிப்பெண் போடத் தொடங்கினால் ஒரு கோணல் வருகிறது. கைமாறும் பீர் பட்டியல்களின் தலையில் நிற்பவை பெரும்பாலும் கனத்த ஸ்டவுட்டும் இரட்டை ஹாப்ஸ் வகையும்தான். அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றன்றைக்குக் குடிக்கும் மென்மையான பீருக்கு அங்கே இடமில்லை. வேறு பாதையில் வந்து இந்தியாவும் இதே இடத்தில் நிற்கிறது. இங்கே விற்கும் பீரில் பெரும்பகுதி ‘ஸ்ட்ராங்’. வரியும் விலையும் ஏற ஏற, கொடுத்த காசுக்கு எவ்வளவு ஏறும் என்று வாங்குகிறவர் கணக்குப் போடுகிறார். ஆலை அந்தக் கணக்குக்கு ஏற்றபடி காய்ச்சுகிறது. ருசி என்ற சொல்லே அந்தப் பேரத்தில் எழுவதில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பகுதியின் பீரும் ஊர்ப் பீராகத்தான் இருந்தது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து சிறு ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரிஸ் நிறுவனத்தை உண்டாக்கினார். அவற்றில் மூத்தது நீலகிரியின் காசில் ப்ரூவரி, 1857ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெரிய மரப்பீப்பாய்களில் அடைத்த பீர் மாட்டு வண்டியில் மெட்ராஸ், பெங்களூர், நீலகிரி பாசறைகளுக்குப் போனது. குடித்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஊர் மக்களுக்கு அது ஊர்ப் பீர் அல்ல என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1947இல் விட்டல் மல்லையா இயக்குநரானார். நிறுவனத்தின் கிங்ஃபிஷர் பீர் நாடு முழுக்கப் போனது. 2021 முதல் நெதர்லாந்தின் ஹைனகென் நிறுவனத்தின் கையில் பெரும்பான்மைப் பங்கு இருக்கிறது. குத்தம்பாக்கத்திலும் திருவள்ளூர் பக்கத்து அரண்வாயலிலும் உள்ள ஆலைகள் திறமையானவைதான். ஒவ்வொரு பாட்டிலும் முந்தைய பாட்டிலைப் போலவே இருக்க வேண்டும் என்பதே அவற்றின் இலக்கு. பெரிய தொழிற்சாலைக்கு அது நியாயமான இலக்கு, கடினமான இலக்கும்கூட. ஆனால் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் அந்த ஆலைக்கும் எந்த உறவும் கிடையாது. ஆலை டாஸ்மாக்குக்கு விற்கிறது. டாஸ்மாக் குடிப்பவருக்கு விற்கிறது. இந்த வாரம் பீர் சரியில்லை என்று ஒருவருக்குத் தோன்றினால் அது ஆலைக்குப் போய்ச் சேரப் பாதை இல்லை.

அந்தப் பாதையைத்தான் பெங்களூரு திறந்துவிட்டது. இந்தியாவில் மைக்ரோப்ரூவரி அலை 2009 வாக்கில் குருகிராமிலும், புனேயில் டூலாலியிலும் எழுந்தது. பெங்களூருவின் முதல் மைக்ரோப்ரூவரியான பியர் கிளப் 2011இல் விட்டல் மல்லையா சாலையிலேயே வந்தது. யுனைடெட் ப்ரூவரிஸின் பழைய ஆலை இருந்து, இப்போது யுபி சிட்டி நிற்கும் அதே சாலை. இந்திராநகரில் டாய்ட், ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ், மகராத் சாலையில் ஆர்பர் என்று ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துப் பல பத்து மதுக்கூடங்கள் ஆயின. அங்கே காய்ச்சி அங்கேயே விற்க வேண்டும் என்பதுதான் விதியின் சாரம். பாட்டிலில் அடைத்துக் கடைக்கு அனுப்ப அனுமதி இல்லாததால் பீர் ஊரைவிட்டு ஓடவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் செப்புத் தொட்டி, இந்தப் பக்கம் மேசை. கோதுமை பீர் புளித்துவிட்டால் அன்று இரவே காய்ச்சியவர் காதுக்கு வந்துவிடும். மாம்பழக் காலத்தில் மாம்பழம் போட்டுப் பார்க்கலாம். ஓடவில்லை என்றால் அடுத்த தொட்டியில் விட்டுவிடலாம். டாய்ட்டுக்கு இருக்கும் பேர் விளம்பரத்தால் வந்ததல்ல. இந்திராநகர்க்காரர்கள் பத்தாண்டுக்கு மேலாக வாரா வாரம் போட்ட ஓட்டால் வந்தது. விதியின் கெடுபிடியே தரத்துக்குக் காவலாக அமைந்தது என்பது இந்த விஷயத்தில் எளிதில் தவறவிடும் செய்தி.

நேரெதிர் அனுபவம் பிரா 91. 2015இல் அங்கூர் ஜெயின் தொடங்கிய இந்த பிராண்ட் முதலில் பெல்ஜியத்தில் காய்ச்சி இறக்குமதியானது. குரங்குச் சின்னமும் கிடைக்காத கிராக்கியுமாக ஓரிரு ஆண்டில் பெருநகர இளைஞர் கையெல்லாம் அது இருந்தது. பிறகு ஆலைகள், முதலீடு, மேலும் மேலும் மாநிலங்கள். நிறுவனத்தின் பெயரிலிருந்து ‘பிரைவேட்’ என்ற சொல் நீங்கியபோது, மாநிலந்தோறும் லேபிளை மீண்டும் பதிய வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் விற்பனை முடங்கியது. 2023-24 நிதியாண்டின் நஷ்டம் 748 கோடி ரூபாய், அந்த ஆண்டின் விற்பனை வருவாயையே மிஞ்சிய தொகை. இந்தியாவில் பீருக்கு ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. எந்த ஊரும் அந்தப் பீரைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது எங்கும் வேர் விட்டிருக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ராஜாஜி ஆட்சியில் 1937இல் வந்த மதுவிலக்குச் சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றும் அடிப்படை. 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் பிறந்தது; 2003இல் சில்லறையும் அதன் கைக்குப் போனது. 2025இல் சுமார் 4,800 கடைகள் இருந்தன. 2024-25இல் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். வாங்குவதும் ஒருவர், விற்பதும் ஒருவர், விலை வைப்பதும் ஒருவர். மைக்ரோப்ரூவரிக்கு உரிமம் இல்லை. வெளிமாநிலப் பாட்டிலைக் கொண்டுவந்தால் பாண்டி எல்லைச் சோதனைச்சாவடியில் பறிமுதல். உள்ளூரில் சிறு அளவில் காய்ச்சவும் முடியாது, வெளியிலிருந்து முறையாகக் கொண்டுவரவும் முடியாது என்றால், ஒளித்துக் கொண்டுவந்த பாட்டிலுக்குப் பேர் ஏறத்தானே செய்யும்? அந்தப் பேரில் பாதியைச் சோதனைச்சாவடி கொடுக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பழைய ஊர்ச் சரக்கு ஒன்று இந்தத் தடத்திலேயே இருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஏரிக்கரைகளில் இன்னமும் நிற்கும் பனைகளைப் பார்த்தால் தெரியும். கள்ளின் ஆல்கஹால் ஏறக்குறைய பீரின் அளவுதான். பாளையிலிருந்து சொட்டும் நீர் சுண்ணாம்பு தடவிய பானையில் விழுந்தால் பதநீர். தடவாத பானையில் விழுந்தால், காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் கள், மறுநாள் புளிப்பு, அதற்கு மேல் காடி. அதனால் கள்ளைப் பதுக்க முடியாது, ஊர் தாண்டிக் கைமாற்ற முடியாது, அரிய பாட்டில் என்று விலையேற்ற முடியாது. எந்த மரம், யார் இறக்கியது, எந்நேரம் இறக்கியது என்பதில்தான் அதன் பேர் இருந்தது. காலையில் இறக்கியதை மாலையில் தண்ணீர் கலந்து விற்றவரை ஊரே அறிந்திருந்தது. 1987இல் கள்ளுக்கடைகளை அரசு மூடியது. பக்கத்தில் கேரளமும் புதுச்சேரியும் உரிமம் கொடுத்துக் கள் விற்கின்றன. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. அதன் கள்ளை இறக்குகிறவர் மேல் வழக்கு.

மது பற்றிப் பேசுகிறவர் இந்த மாநிலத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். கான்ட்ராக்ட் கூலியில் பாதி கடையில் கரையும் குடும்பங்கள் இந்தத் தொழில் தடத்தின் லைன் வீடுகளிலும் உண்டு. அளவு எவ்வளவு குறைந்தாலும் ஆல்கஹாலில் ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொன்னது. எனவே எங்கும் மதுக்கடை திறக்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம் அல்ல. ஆனால் இப்போதுள்ள ஏற்பாடு எதைக் குறைத்திருக்கிறது? பிராந்தியையும் ஸ்ட்ராங் பீரையும் அரசே விற்கிறது. 5 சதவீதக் கள்ளும் புதிதாகக் காய்ச்சிய மென் பீரும் மட்டும் குற்றம். யார் காய்ச்சியது என்று தெரிந்த பானத்தை விலக்கிவிட்டு, யார் காய்ச்சியது என்று தெரியாத பானத்தை மட்டும் வைத்திருப்பது மதுவிலக்கு ஆகாது.

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் கொரியர்களும் ஜப்பானியர்களும் ஜெர்மானியர்களும் தங்கள் ஊரில் பக்கத்து ஆலையின் பீரைப் பெயர் சொல்லிக் குடித்துப் பழகியவர்கள். அவர்களுக்காகச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, இங்கேயே வரி கட்டுகிறவர் தான் குடிப்பது எங்கே, எப்போது, யாரால் தயாரானது என்று அறிந்துகொள்ளும் உரிமைக்காக மாற்றலாம்.

குடிக்கிறவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாட்டில் லேபிளில் தயாரிப்புத் தேதியும் ஆலையின் ஊரும் அச்சாகியிருக்கும். காசு கொடுக்கும் முன் அதைப் படியுங்கள், மாதங்கள் கடந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள். அரசிடம் கேட்க வேண்டியது இரண்டு. கள்ளுக்குக் கேரளத்தைப் போல மரம், இறக்குபவர், கடை மூன்றும் பதிவான உரிமம். பீருக்கு, காய்ச்சிய இடத்திலேயே விற்க வேண்டும், பாட்டிலில் அடைக்கக் கூடாது, தினசரி அளவு மிஞ்சக் கூடாது என்ற நிபந்தனைகளோடு சிற்றாலை உரிமம். கர்நாடகம் பத்தாண்டுக்கு மேல் நடத்திக்காட்டிய விதிகள் இவை. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை எத்தனையோ முறை திருத்திய சட்டமன்றம் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.